வானக் கண்ணும் வயல் வரப்பும்

சாயமேற்றி வந்த நூற் சிட்டத்தை அனுபவமுள்ள நெசவாளர் எவரும் விளக்கொளியில் பார்த்து ஏற்றுக்கொள்வதில்லை. அதனை வாயிற்படிக்குக் கொண்டுவந்து, பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்த பின்னரே சரி என்பர். இரவில் விளக்கின்கீழ் ஒரே நிறமாகத் தோன்றிய இரு சிட்டங்கள், பொழுது விடிந்ததும் இரு வேறு நிறங்களாக நின்று நம்மைத் திகைக்க வைப்பதுண்டு. நிறம் என்பது நூலை மட்டும் பொறுத்ததன்று. நூலின்மேல் விழுகின்ற ஒளியையும், அதனைப் பார்க்கின்ற கண்ணையும் பொறுத்தது. இவ்வுண்மையை விஞ்ஞானிகள் எழுதி வைப்பதற்கு முன்பே நம் சாயக்காரர்கள் தொழிலனுபவத்தால் அறிந்திருந்தனர்.

இந்த ஓர் உண்மையைப் பற்றிக்கொண்டால், பல நூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து நம் வயல்களை நோக்குகின்ற செயற்கைக் கோள்களின் வேலை எளிதில் விளங்கும். அதனை விளங்கிக்கொள்ள வேண்டிய அவசியமும் இன்று நமக்கு ஏற்பட்டிருக்கிறது. 2016-ஆம் ஆண்டில் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பெற்றபோது, ஒரு வட்டாரத்தின் விளைச்சல் எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் பயிர் அறுவடைச் சோதனையைக் கொண்டே கணித்தனர். 2023-ஆம் ஆண்டுக் காரிப் பருவம் முதல், நெல்லுக்கும் கோதுமைக்கும் அக்கணிப்பில் குறைந்தது 30 விழுக்காடு செயற்கைக் கோள் முதலிய புதுச் சாதனங்களின் வாயிலாகப் பெறப்பட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. வானத்துக் கண் கூறும் சாட்சியம் உழவரின் இழப்பீட்டுத் தொகையையே கூட்டவோ குறைக்கவோ வல்லதாகிவிட்டது. ஆகவே அக்கண் எதனைக் காண்கிறது, எதனைக் காண்பதில்லை என்பதை நம் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்வது நலம்.

ஒளியும் ஓர் அலையே

குளத்து நீரில் கல்லை எறிந்தால் அலைகள் வட்ட வட்டமாகப் பரவுகின்றன. ஓர் அலையின் முகட்டிற்கும் அடுத்த அலையின் முகட்டிற்கும் இடையேயுள்ள தூரத்தை அலைநீளம் என்கிறோம். ஒளியும் அலையாகவே பரவுகிறது. ஆனால் அது பரவுவதற்கு நீரோ காற்றோ வேண்டுவதில்லை. மின் விசையும் காந்த விசையும் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டு வெற்றிடத்தின் வழியாகவும் செல்லும் அலை அது. ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், 1865-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இத்தகைய அலையின் வேகத்தைக் கணக்கிட்டு, அது ஒளியின் வேகத்தோடு ஒத்திருக்கக் கண்டு, ஒளியும் மின்காந்த அலையே என்று துணிந்தார். 1880-களின் இறுதியில் ஜெர்மானிய அறிஞர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் நீண்ட மின்காந்த அலைகளைச் சோதனைச் சாலையிலேயே உண்டாக்கி, அக்கொள்கையை மெய்ப்பித்தார். இவ்வலைகள் யாவும் வெற்றிடத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றன. சுமார் 15 கோடி கிலோமீட்டர் தொலைவிலுள்ள கதிரவனின் ஒளி, 8 நிமிஷங்களுக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் நம்மை வந்தடைகிறது.

வேகம் ஒன்றே, வேறுபடுவது அலைநீளம். ஒளியலைகளின் நீளத்தை மைக்ரான் என்னும் அளவால் குறிப்பர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறே ஒரு மைக்ரான். நம் கையிலுள்ள பருத்தி இழை ஒன்றின் அகலம் சுமார் 15 மைக்ரான். கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளமோ ஊதா நிறத்தில் 0.4 மைக்ரானும், சிவப்பில் 0.7 மைக்ரானும் ஆகும். அதாவது ஒற்றைப் பருத்தி இழையின் அகலத்திற்குள் ஏறக்குறைய 30 ஒளியலைகள் அடங்கும்.

சிவப்புக்கு அப்பால்

கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு அலைகள் முடிந்துவிடுகின்றனவா? 1800-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த வானநூல் அறிஞர் வில்லியம் ஹெர்ஷல் இதற்கு விடை கண்டார். அவர் கதிரவனின் ஒளியை முப்பட்டகக் கண்ணாடியின் வழியே செலுத்தி, வானவில் போல நிறங்களாகப் பிரித்தார். எந்த நிறத்தில் வெப்பம் மிகுதி என்றறிய ஒவ்வொன்றிலும் வெப்பமானியை வைத்தார். சிவப்பு முடிந்த இடத்திற்கு அப்பால், எந்த ஒளியும் கண்ணுக்குத் தெரியாத இருளில் வைத்த வெப்பமானியே மற்றவற்றைக் காட்டிலும் மிகுதியாக ஏறிற்று. அங்கே கண்ணுக்குப் புலனாகாத கதிர் வந்து விழுகிறது என்பது வெளியாயிற்று. அதனையே இன்று அகச்சிவப்புக் கதிர் என்கிறோம்.

சூடுள்ள பொருள் ஒவ்வொன்றும் தன் வெப்பநிலைக்கு ஏற்ற அலைகளை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. பொருளின் சூடு மிகுந்தால் அலைநீளம் குறையும். கொல்லனின் உலையில் இரும்பு முதலிற் சிவந்து, பின்னர் மஞ்சளாகி, இறுதியில் வெண்மை காட்டுவது இக்காரணத்தாலேயே. சுமார் 5,500 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள கதிரவனின் மேற்பரப்பு மிகுதியாக வெளியிடும் அலை 0.5 மைக்ரானை ஒட்டியது. நம் வயலும் வரப்பும் வெளியிடுவதோ 10 மைக்ரானை ஒட்டிய வெப்ப அலை. ஆகவே பகலில் வயலிலிருந்து மேலே செல்லும் கதிர்கள் இருவகையின: கதிரவனிடமிருந்து பெற்றுத் திருப்பியனுப்பியவை ஒருவகை, வயல் தானே வெளியிடுபவை மற்றொரு வகை. செயற்கைக் கோள் இவ்விரண்டையும் தனித்தனியே அளக்கிறது.

பஞ்சின் வெண்மையும் இலையின் ஒளியும்

பருத்திப் பஞ்சு ஏன் வெள்ளையாக இருக்கிறது? அதில் வெள்ளைச் சாயம் எதுவும் இல்லை. தனி இழை ஒன்றை உருப்பெருக்கியில் பார்த்தால் அது ஏறக்குறைய நிறமற்றுக் கண்ணாடிபோல் தோன்றும். எண்ணற்ற இழைகளும், இடையிடையே காற்றும் கலந்து கிடப்பதால், உட்புகும் ஒளி இழைக்கும் காற்றுக்கும் இடையில் மாறி மாறிச் சிதறி, எல்லா நிறங்களும் ஒன்றாகத் திரும்பி வருகின்றன. அதுவே வெண்மை. பஞ்சை நீரில் நனைத்தால் காற்றிருந்த இடத்தில் நீர் புகுந்து, சிதறல் குறைந்து, பஞ்சு மங்கிவிடுகிறது.

பயிரின் இலைக்குள்ளும் இதே ஏற்பாடு இருக்கிறது. இலையின் உட்புறத்தில் உயிரணுக்களும் அவற்றிடையே காற்றறைகளும் நிறைந்துள்ளன. இலையிலுள்ள பச்சையம், நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் உண்டு, உணவு சமைக்கப் பயன்படுத்துகிறது; பச்சை ஒளியில் சிறு பகுதியைத் திருப்பிவிடுகிறது. ஆதலால் இலை நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது. ஆனால் 0.7 மைக்ரானைத் தாண்டிய அகச்சிவப்புக் கதிரைப் பச்சையம் உண்பதில்லை. அது இலைக்குள் புகுந்து, பஞ்சினுள் ஒளி சிதறுவது போலச் சிதறி, பாதிக்குக் கிட்டிய அளவு வெளியே திரும்புகிறது. அகச்சிவப்பைக் காணும் கண் நமக்கு இருந்திருந்தால், செழித்த பயிர் கண்ணைக் கூசச் செய்யும் ஒளியுடன் விளங்கும்!

பயிர் நோயுறும்போது பச்சையம் குறைகிறது. சிவப்பு ஒளி உண்ணப்படாமல் மிகுதியாகத் திரும்புகிறது. இலையின் உட்கட்டுக் குலையும்போது அகச்சிவப்பு குறைகிறது. ஒன்று ஏற, ஒன்று இறங்கும் இந்த வேறுபாட்டையே விஞ்ஞானிகள் அளவுகோலாகக் கொண்டனர். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, வந்த தொகையை அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பர். நூற்றுக்கு 50 பங்கு அகச்சிவப்பும் 5 பங்கு சிவப்பும் திரும்பினால், 45-ஐ 55-ஆல் வகுக்க 0.82 வரும், இது செழித்த பயிர். அகச்சிவப்பு 35-ஆகவும் சிவப்பு 15-ஆகவும் இருப்பின், 20-ஐ 50-ஆல் வகுக்க 0.40 வரும், இது வாடிய பயிராகவோ, மண் இடையிடையே தெரியும் இளம் பயிராகவோ இருக்கலாம். உழுது போட்ட வெற்று நிலம் இன்னும் தாழ்ந்து நிற்கும். இதனைத் தாவரச் செழுமைக் குறியீடு எனலாம். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தோன்றிய இம்முறை இன்று உலகெங்கும் வழங்குகிறது.

தென்னந்தோப்பில் நடந்த சோதனை

இம்முறையின் அடிப்படை நம் அண்டை மாநிலத்திலேயே மிக முன்னர்ச் சோதிக்கப்பட்டது. 1970-ஆம் ஆண்டை ஒட்டி, கேரளத்தில் தென்னை மரங்களை வேர்வாடல் நோய் அரித்துக்கொண்டிருந்தது. கொல்லங்கோட்டில் 1909-இல் பிறந்தவரும், சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சிப் பயிற்சி பெற்றவருமான பி. ஆர். பிஷாரடி, அகச்சிவப்பை உணரும் படச்சுருளை இட்ட காமிராவுடன் ஹெலிகாப்டரிலிருந்து தோப்புகளைப் படமெடுக்கச் செய்தார். அச்சுருளில் அகச்சிவப்பு செந்நிறமாகப் பதியும். நலமுள்ள மரங்களின் தலைகள் செக்கச் சிவந்தும், நோயுற்றவை நிறம் மங்கியும் காணப்பட்டன. இந்தியாவில் தொலையுணர்வுத் துறை இச்சோதனையிலிருந்தே தொடங்கிற்று என்பர். பிஷாரடியையே அதன் தந்தையாகப் போற்றுகின்றனர். அத்துறையின் முதற்பணி, ஓர் உழவரின் தோப்பிலிருந்த நோயை அறிவதாக அமைந்தது நாம் மனங்கொள்ளத்தக்கது.

1972 ஜூலையில் அமெரிக்கா லாண்ட்சாட் வரிசையின் முதற் கோளை ஏவியது. 1988 மார்ச் 17-ஆம் தேதி நம் நாட்டின் ஐ.ஆர்.எஸ்.-1ஏ சோவியத் நாட்டுப் பைக்கனூரிலிருந்து விண்ணேறிற்று. அதன் பின்னர் இத்துறையில் நம் நாடு பெற்ற வளர்ச்சி பெரிது.

வழியில் உள்ள தடைகள்

கதிரவனிடமிருந்து வயலுக்கும், வயலிலிருந்து கோளுக்கும் செல்லும் ஒளி, இருமுறை வாயு மண்டலத்தைக் கடக்க வேண்டும். காற்றின் மூலக்கூறுகள் குறுகிய அலைகளையே மிகுதியாகச் சிதறடிக்கின்றன. நீல ஒளி சிவப்பு ஒளியைப் போல ஏறக்குறைய 4 மடங்கு சிதறுவதாலேயே வானம் நீலமாகத் தோன்றுகிறது. நமக்கு அழகாகத் தோன்றும் அந்நீலம், கோளின் கண்ணுக்கு மூடுபனி போன்றது. கணக்கிட்டு அதனைக் கழித்தாக வேண்டும். நீராவி, கரியமில வாயு, ஓசோன் ஆகியவை சில அலைகளை முற்றிலும் விழுங்கிவிடுகின்றன. 1.4, 1.9 மைக்ரான்களை ஒட்டிய அலைகளை நீராவி ஏறக்குறைய வழிமறித்தே விடுகிறது. ஆதலால் வாயு மண்டலம் வழிவிடும் அலைகளை மட்டும் தேர்ந்து, அவற்றுக்கேற்பவே கருவிகளை அமைக்கின்றனர். 8 முதல் 14 மைக்ரான் வரையுள்ள வெப்ப அலைகளுக்குப் பெரும்பாலும் வழி திறந்திருக்கிறது. நீர் கிடைக்காத பயிர் தன் இலைத்துளைகளை மூடிக்கொள்வதால், நீராவி வெளியேறாமல் இலை சூடேறுகிறது. நீர் கசியாத மண்பானையில் தண்ணீர் குளிராதது போன்றதே இது. அந்தச் சூட்டை வெப்ப அலைகளால் கோள் அறியும்.

ஒளி வரும் கோணமும் ஒரு தடையே. பாவு ஒரு நிறமும் ஊடை வேறொரு நிறமுமாக நெய்த மயில்கழுத்துப் பட்டைச் சற்றே சாய்த்தால் நிறம் மாறுவதை நாம் தினந்தோறும் காண்கிறோம். வயலும் அத்தகையதே. காலைக் கதிரில் ஒரு தோற்றம்; நண்பகலில் வேறொரு தோற்றம். இதனைத் தவிர்க்கவே பயிர் நோக்கும் கோள்களிற் பலவற்றை, எந்த ஊரையும் ஏறக்குறைய முற்பகல் 10.30 மணிக்கே கடக்கும்படியான பாதையில் செலுத்துகின்றனர்.

மேகத்தை ஊடுருவும் அலை

எனினும் எல்லாவற்றிலும் பெரிய தடை மேகம். ஐப்பசி கார்த்திகையில், சம்பாப் பயிர் நீரில் மூழ்கி நிற்கும் அந்நாட்களில், தமிழ்நாட்டு வானம் பெரும்பாலும் மூடியே கிடக்கிறது. உழவருக்குச் சாட்சி தேவைப்படும் நேரத்திலேயே ஒளிக் கண் குருடாகிவிடுகிறது.

இக்குறையை நீக்குவது நுண்ணலை. மேகத்திலுள்ள நீர்த்துளி மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கே பருமனுடையது. சில சென்டிமீட்டர் நீளமுள்ள அலைக்கு அது ஒரு பொருட்டன்று. கல்கத்தாவில் 1895-ஆம் ஆண்டில் ஜகதீச சந்திர போஸ் இத்தகைய குறுகிய மின் அலைகளை உண்டாக்கி, அவற்றைச் சுவரின் ஊடே செலுத்தித் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். இன்று ரேடார் கோள்கள் நுண்ணலையைத் தாமே கீழ்நோக்கி அனுப்பி, திரும்பி வருவதை அளக்கின்றன; கதிரவனையும் அவை எதிர்பார்ப்பதில்லை. ஐரோப்பாவின் சென்டினல்-1 வரிசைக் கோள்கள் சுமார் 5.6 சென்டிமீட்டர் அலையைக் கையாள்கின்றன. 2025 ஜூலை 30-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார், 24 சென்டிமீட்டர் அலையையும் அதனிற் குறுகிய மற்றோர் அலையையும் கையாளும்படி அமைந்தது.

நாற்று நடுவதற்காக நீர் கட்டிய வயல், கண்ணாடி போல அலையைத் தள்ளி அப்பால் அனுப்பிவிடுவதால், ரேடார் படத்தில் கறுத்துக் காணப்படும். பயிர் வளர வளரத் தண்டும் இலையும் அலையைத் திருப்பி அனுப்ப, படம் வெளுக்கும். இம்மாற்றத்தைத் தொடர்ந்து கவனித்தால் எந்த வாரத்தில் நடவு நடந்தது, எங்கே நடவே நடக்கவில்லை என்பது புலப்படும். 2010-ஐ அடுத்த ஆண்டுகளில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையமும் பங்குகொண்ட ஒரு திட்டத்தில், நம் மாநிலத்து நெற்பரப்பும் விளைச்சலும் இம்முறையில் கணிக்கப்பட்டன.

ஒரு கட்டம் எத்தனை சென்ட்?

கோள் அனுப்பும் படம், நம் அச்சுக்கட்டிகள் வரையும் கட்டத்தாளைப் போலச் சிறுசிறு கட்டங்களால் ஆனது. ஒரு கட்டத்திற்கு ஓர் எண் மட்டுமே உண்டு. அக்கட்டத்தினுள் எத்தனை வகைப் பொருள் இருப்பினும், எல்லாவற்றின் ஒளியும் கலந்தே அந்த எண்ணாகிறது. ஐ.ஆர்.எஸ்.-1ஏ கோளின் ஒரு காமிராவில் கட்டத்தின் பக்கம் 72.5 மீட்டர், பரப்பு ஏறக்குறைய 1.3 ஏக்கர். பின்வந்த ரிசோர்ஸ்சாட்-2 கோளின் லிஸ்-3 காமிராவில் 23.5 மீட்டர், அஃது ஏறக்குறைய 13.6 சென்ட். சென்டினல்-2 கோளில் 10 மீட்டர்; அஃது இரண்டரை சென்ட். ஆகவே 50 சென்ட் நிலமுடைய அங்கத்தினரின் பருத்தி, 13.6 சென்ட் கட்டங்களில் நான்கிற்கும் குறைவாகவே அடங்கும். அவற்றிலும் வரப்பும், வாய்க்காலும், பக்கத்துக்காரரின் சோளமும் வந்து கலந்திருக்கும். சிறு உழவர் தம் நிலத்தைப் பற்றிய எண் தம்முடையதுதானா என்று கேட்பது நியாயமே.

அக்கண் காணாதவை

இனி, மிக முக்கியமான செய்திக்கு வருவோம். கோள் காண்பது இலையை; நாம் விற்பது காயையும் கதிரையும். பருத்தியை இளஞ்சிவப்புக் காய்ப்புழு தாக்கும்போது, அது காயினுள் புகுந்து விதையையும் பஞ்சையும் கெடுக்கிறது. வெளியே இலை பச்சையாகவே நிற்கிறது. செழுமைக் குறியீடு நன்றாகவே இருக்கும்; சந்தைக்குப் போகும் பஞ்சோ கறைபட்டு நிற்கும். தழைச்சத்து மிகுந்து இலை மண்டிக் காய் பிடிக்காத செடியும் மேலிருந்து பார்க்கச் செழிப்பாகவே தோன்றும். மேலும், அடர்ந்த பயிரில் குறியீடு ஓர் எல்லைக்கு மேல் ஏறுவதில்லை. நல்ல பயிரையும் மிக நல்ல பயிரையும் அது பிரித்துக் காட்டாது. முற்றிய நெற்கதிர் அறுவடைக்கு முன் மழையில் நனைந்து முளைத்தாலும், இலையின் நிறம் அதனைச் சொல்லப்போவதில்லை.

இவை கருவியின் குற்றமல்ல. ஒளி என்ன கூறுமோ அதனையே அது கூறுகிறது. எண்ணிலிருந்து பயிருக்கும், பயிரிலிருந்து விளைச்சலுக்கும் செல்லும் வழி மனிதர் வகுத்தது. அவ்வழி சரியா என்பதை வயலில் இறங்கிப் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். விஞ்ஞானிகளும் தரைச் சான்று இன்றி எந்தப் படத்தையும் முடிவாகக் கொள்வதில்லை.

நாம் செய்யத்தக்கன

அத்தரைச் சான்றை அளிக்க உழவரைக் காட்டிலும் தகுதியுடையவர் எவர்? தனி ஒருவர் எடுத்துரைக்கும் குறை எளிதில் எடுபடாது. ஆனால் ஒரு சங்கத்தின் அங்கத்தினர் அனைவரும் ஒரே முறையில் எழுதி வைத்த பதிவேட்டை எவரும் எளிதில் ஒதுக்க முடியாது. சர்வே எண், பரப்பு, பயிர், ரகம், விதைத்த அல்லது நட்ட தேதி, நீர் பாய்ச்சிய தேதிகள், பூச்சி நோய் கண்ட நாள், எடுத்த விளைச்சல் ஆகியவற்றை அங்கத்தினர்வாரியாகச் சங்க அலுவலகத்தில் குறித்து வைத்தல் வேண்டும். கோள் கடந்த தேதியோடு அக்குறிப்பை ஒப்பிட்டால் எண் சொல்வது மெய்யா என்று தெரிந்துவிடும். காய்ப்புழு போல மேலிருந்து தெரியாத இழப்பை, காயைப் பிளந்து எடுத்த படத்துடன் அன்றே பதிவு செய்தல் வேண்டும். ஆலங்கட்டி மழை போல ஒரு சில வயல்களை மட்டும் தாக்கும் இழப்பை 72 மணி நேரத்திற்குள் அறிவித்தாக வேண்டும் என்பது காப்பீட்டு விதி. அதனைக் கோள் அறிவிக்கும் என்று காத்திருத்தல் கூடாது. அறுவடைச் சோதனை நடக்கும் நாளில் சங்கத்தின் சார்பில் ஒருவர் வயலில் நிற்பது அவசியம்.

விளக்கொளியில் நூலை ஏற்காத நெசவாளர் விளக்கைப் பகைப்பதில்லை. வாயிற்படிக்கு வந்து பகலொளியிலும் பார்க்கிறார், அவ்வளவே. வானத்துக் கண்ணையும் நாம் அவ்வாறே நடத்துதல் வேண்டும். அது காட்டுவதை நன்றியோடு ஏற்போம். ஏற்குமுன் நம் வரப்பின்மேல் வைத்து ஒருமுறை சரிபார்ப்போம்.